டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஷட்டில்: விதிகளும் ஸ்கோரும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரங்களில் 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லித்தருகிறேன். ஸ்மாஷ் அடிக்க, டிராப் போடக் கற்றுத்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஆனால் விதியையும் ஸ்கோரையும் யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. நன்றாக ஆடும் பிள்ளைகூட டபுள்ஸில் "அடுத்து யார் சர்வீஸ்?" என்றால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கும். பெற்றோர்களும் பி.டி. ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லா விதியையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். அரை மணி நேரம் நிற்கவைத்து விதி வாசித்தால் ஒன்றும் மண்டையில் ஏறாது, கை பேட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாளுக்கு மூன்று விஷயம் போதும்: காக் (ஷட்டில்காக், அடிக்கும் இறகுப்பந்து) நம் பக்கம் தரையில் விழுந்தால் பாயிண்ட் அவர்களுக்கு, சர்வீஸ் குறுக்காகப் போக வேண்டும், சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு முறையும் ஸ்கோரை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். இந்த மூன்றாவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யார் சர்வீஸ், எந்தப் பக்கம் நிற்பது, எப்போது பக்கம் மாறுவது என்று மற்றதெல்லாம் ஸ்கோரிலிருந்துதான் வருகிறது. ஸ்கோர் வாயில் இருந்தால் விதி தானாகக் காலுக்கு வந்துவிடும். மீதியை சண்டை வரும்போது சொல்லிக்கொடுங்கள். அப்போது சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்காது.

ஒரு மேட்ச் எப்படி முடிகிறது?

மூன்று கேமில் இரண்டை ஜெயிப்பவர் மேட்சை ஜெயிக்கிறார். (நம் ஊரில் கேமை 'செட்' என்போம், பரவாயில்லை.) ஒரு கேம் 21 பாயிண்ட். யார் சர்வீஸ் போட்டாலும் அந்த ரேலியை (ஒரு சர்வீஸில் தொடங்கி பாயிண்ட் முடிவாகும்வரை நடக்கும் ஆட்டம்) ஜெயித்தவருக்கு ஒரு பாயிண்ட். 20-20 ஆகிவிட்டால் (இதைத்தான் 'டூஸ்' என்போம்) இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும்: 22-20, 23-21 என்று போகும். ஆனால் அது முடிவில்லாமல் இழுக்காது. 29-29 வந்தால் அடுத்த பாயிண்ட் எடுப்பவர் 30-29 என்று ஜெயித்துவிடுவார்.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் சொல்லும் மேட்ச் 2017 உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, கிளாஸ்கோவில் பி.வி.சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் ஆடியது. ஒகுஹாரா 21-19, 20-22, 22-20 என்று ஜெயித்தார். 110 நிமிடம் நடந்த அந்த மேட்சில் இரண்டாவது கேமும் மூன்றாவது கேமும் 20-20ஐத் தாண்டிப் போனவை. ஸ்கோரைப் பலகையில் எழுதி, "ஏன் 21-20ல் முடியவில்லை?" என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

"நாங்க ஆடும்போது 15 பாயிண்ட்தான், சர்வீஸ் இருந்தாத்தான் பாயிண்ட்" என்கிறார் என் கணவர். எது சரி?

அவர் ஆடிய காலத்துக்கு அவர் சொல்வது சரி. 2006க்கு முன்பு ஆண்களுக்கும் டபுள்ஸுக்கும் 15, பெண்கள் சிங்கிள்ஸுக்கு 11. சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே பாயிண்ட் கிடைக்கும். டபுள்ஸில் ஒரு பக்கத்தின் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து சர்வீஸ் வாய்ப்பு உண்டு. 2006ல் உலக பேட்மிண்டன் சம்மேளனம் இதை மாற்றியது. இப்போது டபுள்ஸிலும் பக்கத்துக்கு ஒரே சர்வீஸ்தான். ரேலி போனால் சர்வீஸும் போய்விடும். அப்பாவும் பிள்ளையும் மொட்டை மாடியில் ஆடும்போது பழைய கணக்கில் ஆடிவிட்டுப் போகட்டும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. போட்டிக்குப் போகிற பிள்ளை மட்டும் புதிய கணக்கில் பழக வேண்டும்.

ஸ்கோரை எந்த வரிசையில் சொல்வது?

சர்வீஸ் போடும் பக்கத்தின் ஸ்கோர் முதலில். என்னுடையது 7, எதிரியுடையது 9, சர்வீஸ் என்னிடம் என்றால் "செவன் நைன்". ரேலியை இழந்து சர்வீஸ் கைமாறும்போது அம்பயர் "சர்வீஸ் ஓவர்" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய ஸ்கோரை முதலில் சொல்வார்: "சர்வீஸ் ஓவர், டென் செவன்". ஆரம்பம் "லவ் ஆல்", அதாவது 0-0. தமிழில் ஏழு-ஒன்பது என்று சொன்னாலும் தவறில்லை, சத்தமாக எதிர்ப்பக்கம் கேட்கும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். எதிர்ப்பக்கம் "கேக்கல" என்று கையைத் தூக்கினால் மறுபடி சொல்ல வேண்டும் என்று வைத்துவிடுங்கள். சில நாளில் குரல் வந்துவிடும்.

சிங்கிள்ஸில் எந்தப் பக்கம் நின்று சர்வீஸ் போடுவது?

உங்கள் ஸ்கோர் இரட்டைப்படை (0, 2, 4...) என்றால் வலது பக்கம், ஒற்றைப்படை என்றால் இடது பக்கம். எதிராளி ஸ்கோரைப் பார்க்க வேண்டியதே இல்லை. சர்வீஸை எடுப்பவர் குறுக்கே எதிர்க்கட்டத்தில் நிற்க வேண்டும்.

டபுள்ஸ்தான் தலைசுற்றுகிறது. யார் எங்கே நிற்பது?

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் நிதானமாகப் போவோம். மனதில் வைக்க வேண்டியது இரண்டே வரி: சர்வீஸ் போட்டுப் பாயிண்ட் எடுத்தால் மட்டும் அந்தப் பக்கத்து இருவரும் இடம் மாறுவார்கள், மற்ற எந்த நேரத்திலும் யாரும் மாறக் கூடாது. சர்வீஸ் கைக்கு வரும்போது நம் ஸ்கோர் இரட்டைப்படை என்றால் வலது பக்கம் நிற்பவர் போடுவார், ஒற்றைப்படை என்றால் இடது பக்கம் நிற்பவர் போடுவார்.

ஒரு பக்கம் அருள், பாலா. எதிர்ப்பக்கம் சந்துரு, தினேஷ். இப்படி வைத்துக்கொள்வோம். அருள் வலது பக்கம், சந்துருவும் அவன் பக்கத்தின் வலது. லவ் ஆல். அருள் வலதிலிருந்து குறுக்கே சந்துருவுக்குப் போடுகிறான், பாயிண்ட் எடுக்கிறார்கள். 1-0. இப்போது அருளும் பாலாவும் இடம் மாறுகிறார்கள். அருளே மறுபடி, இந்த முறை இடதிலிருந்து தினேஷுக்குப் போடுகிறான். எதிர்ப்பக்கத்தில் யாரும் நகரவில்லை, கவனியுங்கள். இந்த ரேலியை அருள் பக்கம் இழக்கிறது. 1-1, சர்வீஸ் ஓவர். யாரும் மாறக் கூடாது. சந்துரு பக்கத்தின் ஸ்கோர் 1, ஒற்றைப்படை. அவர்களில் இடது பக்கம் நிற்பவன் தினேஷ், ஆகவே தினேஷ் போடுகிறான், குறுக்கே இடதில் நிற்கும் அருள் எடுக்கிறான். தினேஷ் பக்கம் ஜெயிக்கிறது, 2-1. தினேஷும் சந்துருவும் இடம் மாற, தினேஷ் வலதிலிருந்து பாலாவுக்குப் போடுகிறான். இழக்கிறார்கள். 2-2. அருள் பக்கத்து ஸ்கோர் இரட்டைப்படை, வலதில் நிற்பது பாலா, அவன் சர்வீஸ்.

இதைப் படித்தால் குழப்பமாகத்தான் இருக்கும். நான்கு பிள்ளைகளைக் கோர்ட்டில் நிறுத்தி, பேட்டே இல்லாமல், "இந்த ரேலி இவங்களுக்கு" என்று நீங்களே முடிவு சொல்லி நடக்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது ஒரே இடத்தில்தான்: எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பிடுங்கிய சந்தோஷத்தில் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். அங்கே மட்டும் ஒரு சத்தம் போடுங்கள்.

இன்னொன்று, இந்த வலது இடது எல்லாம் சர்வீஸ் போடும் நொடிக்கு மட்டும்தான். சர்வீஸை எடுத்து அடித்ததும் யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம்.

தவறான கட்டத்தில் நின்று ஆடிவிட்டார்கள். எடுத்த பாயிண்ட் செல்லாதா?

செல்லும். எப்போது தெரிகிறதோ அப்போது இடத்தைச் சரிசெய்துகொண்டு, இருக்கும் ஸ்கோரோடு தொடர வேண்டும். பாயிண்டைக் குறைப்பதும் கிடையாது, அந்த ரேலியைத் திரும்ப ஆடுவதும் கிடையாது. தெருவில் இதற்காகவே பாதி மேட்ச் நின்றுபோகிறது.

சர்வீஸில் என்னென்ன ஃபால்ட் (ரேலியை இழக்கவைக்கும் தவறு)?

காக்கை அடிக்கும் நொடியில் முழு காக்கும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். 2018ல் வந்த விதி இது. அதற்கு முன் இடுப்புக்குக் கீழே என்று இருந்தது, அதாவது கடைசி விலா எலும்பு மட்டத்துக்குக் கீழே. உயரம் குறைந்த பிள்ளைக்குப் புதிய விதி நல்லது, ஏனென்றால் 1.15 மீட்டர் அதற்கு நெஞ்சுக்கருகே வந்துவிடும். உயரமான பையன்தான் கையை நன்றாக இறக்க வேண்டியிருக்கும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே 1.15 மீட்டர் உயரத்தில் ஒரு நூலைக் கட்டி, அதற்குப் பின்னால் நின்று போடச் சொல்லுங்கள், பக்கத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கே ஃபால்ட் தெரியும்.

அப்புறம், இரண்டு காலிலும் ஏதோ ஒரு பகுதி அசையாமல் தரையில் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. பேட் முதலில் காக்கின் தலையில்தான் பட வேண்டும், இறகில் அல்ல. பேட் முன்னோக்கி ஒரே வீச்சாகப் போக வேண்டும். போடுவதுபோல் போய் நடுவில் நிறுத்தி ஏமாற்றக் கூடாது. வீசியும் காக்கில் படவில்லை என்றால் அதுவும் ஃபால்ட், "இது டிரையல்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விரலால் காக்கைச் சுழற்றிவிட்டு அடிக்கும் சர்வீஸை 2023லிருந்து தடுத்துவிட்டார்கள், பழைய வீடியோவைப் பார்த்துப் பழகும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

எடுப்பவருக்கும் கட்டுப்பாடு உண்டு: சர்வீஸ் போடும்வரை அவர் காலும் அசையக் கூடாது.

சர்வீஸ் நெட்டில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால் மறுபடி போடலாமா?

இல்லை. சரியான கட்டத்துக்குள் விழுந்தால் அது நல்ல சர்வீஸ், ஆட்டம் தொடரும். டென்னிஸ் பார்க்கும் பிள்ளைகள் இங்கே 'லெட்' (பாயிண்ட் இல்லாமல் மறுபடி ஆடுவது) கேட்பார்கள், ஷட்டிலில் அது கிடையாது. எடுப்பவர் தயாராகும் முன் போட்டுவிட்டால் லெட் உண்டு; ஆனால் அவர் அதை அடிக்க முயன்றிருந்தால் தயாராக இருந்தார் என்றே கணக்கு.

காக் கோட்டில் விழுந்தால்? அம்பயர் இல்லாதபோது யார் சொல்வது?

கோடு உள்ளேதான். காக்கின் தலை கோட்டு விளிம்பைத் தொட்டாலும் உள்ளேதான். அம்பயர் இல்லாத ஆட்டத்தில் காக் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்தவர் சொல்வதுதான் வழக்கம். என் கோர்ட்டில் இதில் நான் ரொம்பக் கண்டிப்பு: சரியாகப் பார்க்கவில்லை என்றால் "தெரியல" என்று சொல்ல வேண்டும், அந்த ரேலியை மறுபடி ஆடலாம். போட்டிகளிலும் லைன் ஜட்ஜ், அம்பயர் இருவருக்குமே தெரியவில்லை என்றால் லெட்தான் தருகிறார்கள். 14 வயதில், ஜெயிக்க ஒரு பாயிண்ட் இருக்கும்போது, தன் பக்கம் விழுந்த காக்கைப் பார்த்து "உள்ளே" என்று தானே கை காட்டும் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படிச் செய்தால் எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள்.

அடிக்கடி சண்டை வரும் மற்ற இடங்கள்?

ஆட்டம் நடக்கும்போது உடலோ உடையோ பேட்டோ நெட்டில் பட்டால் ஃபால்ட். காக் உடம்பில், சட்டையில், முடியில் பட்டாலும் பட்டவர் பக்கத்துக்குத்தான் இழப்பு. அவுட்டாகப் போகும் காக்கைக் கையால் பிடித்தாலும் அப்படியே, கோட்டுக்கு வெளியே நின்று பிடித்திருந்தாலும் சரி. இதை நம்பவே மாட்டார்கள். "அவுட்தானே சார் போச்சு" என்பார்கள். தரையில் விழும்வரை அது அவுட் இல்லை.

காக்கை அடிக்கும் இடம் நம் பக்கமாக இருக்க வேண்டும். அடித்த பிறகு வேகத்தில் பேட் நெட்டுக்கு மேலே அந்தப் பக்கம் போனால் தவறில்லை. பேட்டின் ஃபிரேமில் பட்டுப் போனால் செல்லும். ஒரே வீச்சில் ஃபிரேமிலும் நரம்பிலும் பட்டாலும் செல்லும். ஒருவரே இரண்டு முறை வீசி அடித்தாலோ, பார்ட்னர் இருவரும் அடுத்தடுத்து அடித்தாலோ செல்லாது.

எங்கள் கோர்ட்டுக்கு மேலே வேப்ப மரக் கிளை இருக்கிறது. ஹாலில் என்றால் தகரக் கூரை தாழ்வு. அதில் பட்டால்?

விதிப்படி கூரையில் பட்டால் ஃபால்ட். ஆனால் கட்டடத்தின் அமைப்பைப் பொறுத்து அந்தந்த இடத்தில் தனி விதி வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே "கிளையில் பட்டால் லெட்" என்று பேசி முடித்துவிடுங்கள். நடுவில் பேசினால் பாயிண்ட் இழந்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

இடைவேளை, பக்கம் மாறுவது?

ஒரு பக்கம் முதலில் 11 தொட்டதும் 60 விநாடி, கேமுக்கும் கேமுக்கும் நடுவே 120 விநாடி. ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். மூன்றாவது கேமில் 11 வந்ததும் மறுபடி மாற வேண்டும். வெளியில் ஆடும்போது இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் காற்றும் சாயங்கால வெயிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகம். ஏப்ரல், மே மாதத்தில் ஆடினால் 11க்கு முன்னேயே தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள், பயிற்சி ஆட்டத்தில் அதற்கெல்லாம் விதி பார்க்க வேண்டாம்.

மைதானத்தில் கோடு போட அளவு?

நீளம் 13.40 மீட்டர். அகலம் டபுள்ஸுக்கு 6.10, சிங்கிள்ஸுக்கு 5.18. நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் முன் சர்வீஸ் கோடு. பின் கோட்டிலிருந்து 0.76 மீட்டர் உள்ளே டபுள்ஸ் சர்வீஸின் பின் கோடு. கோட்டின் அகலம் 4 சென்டிமீட்டர். நெட் உயரம் கம்பத்தில் 1.55, நடுவில் 1.524. நெட் நடுவில் தொங்கிப்போய் இருந்தால் பிள்ளைகள் தட்டையாக அடித்தே பழகிவிடுவார்கள், பிறகு சரியான நெட்டில் எல்லாம் இடிக்கும். மாதம் ஒரு முறையாவது அளந்துபாருங்கள்.

அந்த 0.76 மீட்டர் பட்டை எதற்கு என்று கேட்பார்கள். சிங்கிள்ஸில் சர்வீஸ் கட்டம் ஒடுக்கம், ஆனால் கடைசிக் கோடுவரை நீளம். டபுள்ஸில் அகலம், ஆனால் நீளம் குறைவு, அந்தப் பட்டையில் சர்வீஸ் விழுந்தால் அவுட். ரேலி ஆரம்பித்துவிட்டால் டபுள்ஸிலும் பட்டை உள்ளேதான்.

இறகுக் காக் வாங்குவதா, நைலான் காக் வாங்குவதா?

பழகும் பிள்ளைக்கு நைலான் போதும். 16 இறகு வைத்த காக், தப்பாக அடிக்கும் கையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, காசுதான் போகும். நைலானில் தலையைச் சுற்றியுள்ள பட்டை நிறம் வேகத்தைக் காட்டும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெயிலூரில் காக் வேகமாகப் பறக்கும், ஆகவே பச்சையோ நீலமோ வாங்குங்கள். போட்டிக்குப் போவதற்குச் சில வாரம் முன்பிருந்து இறகுக் காக்கில் ஆடவிடுங்கள், இரண்டும் விழும் விதம் வேறு.

ஒரே கோர்ட், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எப்படிச் சமாளிப்பது?

11 பாயிண்ட் கேம் ஆடவிடுங்கள், டூஸ் வேண்டாம். வெளியே இருப்பவர்களைச் சும்மா உட்காரவைக்காதீர்கள். ஒருவர் அம்பயர், ஒருவர் ஸ்கோர் எழுதுபவர், இரண்டு பேர் லைன், ஒருவர் சர்வீஸ் ஃபால்ட் மட்டும் பார்ப்பவர். கேம் முடிந்ததும் சுற்றுமுறையில் மாற்றுங்கள். ஆடிக் கற்பதைவிட அம்பயராக நின்று கற்பது அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்து "சர்வீஸ் ஓவர், ஃபைவ் த்ரீ" என்று சொல்லி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று கை காட்டிய பிள்ளைக்கு டபுள்ஸ் கணக்கை மறுபடி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு இதில் ஒரு மரியாதையும் கிடைக்கிறது.

கை, கால் குறைபாடுள்ள பிள்ளையைச் சேர்க்கலாமா? விதி வேறா?

கட்டாயம் சேருங்கள். ஸ்கோர் அதே 21தான். குறைபாட்டைப் பொறுத்துப் பிரிவுகள் உண்டு. சக்கர நாற்காலியில் ஆடும் சிங்கிள்ஸில் பாதிக் கோர்ட் மட்டும் பயன்படும், கையில் குறைபாடு உள்ளவர்கள் முழுக் கோர்ட்டில் ஆடுவார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் கையில் குறைபாடு உள்ளோர் பிரிவில் வெள்ளியும், அதே பிரிவில் மனிஷா ராமதாஸ் வெண்கலமும், உயரம் குறைந்தோர் பிரிவில் நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் வாங்கினார்கள். அந்த மேட்சுகளின் வீடியோவை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுக்காட்டுங்கள்.

தாத்தா ஊரில் ஆடிய பூப்பந்தும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கம்பளி நூல் பந்தில் ஆடும் பால் பேட்மிண்டன், பக்கத்துக்கு ஐந்து பேர், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள பெரிய கோர்ட். தஞ்சாவூரோடு தொடர்புடைய ஆட்டம். விதியும் ஸ்கோரும் தனி.

வேண்டுமென்றே ஒரு மேட்சைத் தோற்றால் அடுத்த சுற்றில் சுலபமான எதிரணி வரும் என்கிறான் என் பையன். தப்பா?

தப்பு, விதிப்படியே தப்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் டபுள்ஸில் இதைச் செய்ததற்காகச் சீனா, இந்தோனேசியாவின் தலா ஒரு ஜோடியையும், தென்கொரியாவின் இரண்டு ஜோடிகளையும், ஆக நான்கு ஜோடிகளைத் தகுதிநீக்கம் செய்தார்கள். உலகின் முன்னணி ஜோடிகள் வேண்டுமென்றே சர்வீஸை நெட்டில் அடித்தார்கள், அரங்கமே கூச்சல் போட்டது. இதைப் பையனிடம் சொல்லுங்கள்.

முதல் முறையாகப் போட்டிக்குப் போகிறார்கள். எதைப் பார்த்துவைக்க வேண்டும்?

முதலில் போட்டியின் விதித்தாள். உள்ளூர்ப் போட்டிகளில் ஆள் அதிகம் என்றால் ஆரம்பச் சுற்றுகளை 15 பாயிண்டிலோ ஒரே கேமிலோ முடிப்பார்கள். உலக சம்மேளனமே 15 பாயிண்ட், மூன்று கேம் என்ற முறையைச் சில போட்டிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறது. எத்தனை பாயிண்ட், எத்தனையில் டூஸ் முடியும், எத்தனையில் இடைவேளை என்று முந்தின நாளே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். டாஸ் ஜெயித்தால் சர்வீஸ் போடுவதா, எடுப்பதா, பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதா என்று முடிவுசெய்து அனுப்புங்கள். ஹாலில் ஒரு பக்கம் விளக்கு கண்ணில் அடித்தால் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. கறுப்பு ரப்பர் தடம் விழாத ஷூ வேண்டும், பல ஹால்களில் அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நரம்பு அறுந்தால் மாற்ற இன்னொரு பேட், துண்டு, தண்ணீர். ஆட்டம் நடக்கும்போது கேலரியிலிருந்து "பேக்ஹேண்ட்ல போடு" என்று கத்தாதீர்கள். காக் ஆட்டத்தில் இருக்கும்போது பயிற்சி சொல்லக் கூடாது, அம்பயர் எச்சரிப்பார். 11ல் வரும் அந்த 60 விநாடியில் சொல்லுங்கள், அதுவும் ஒரே ஒரு விஷயம்.